இரும்புத் துகளும் அதன் போர்வையும்: மருத்துவக் காந்த நானோ துகள்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காந்த நானோ துகள்களைப் பற்றி என்னிடம் கேட்க வருபவர்கள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒருவர், முதுநிலை வேதியியலிலோ இயற்பியலிலோ ப்ராஜெக்டுக்கு இந்தத் தலைப்பை எடுத்திருக்கும் மாணவர். இன்னொருவர், வீட்டில் யாருக்கோ புற்றுநோய் என்று தெரிந்த அன்று இரவு முழுக்கச் செல்போனில் தேடி, "காந்தத்தை வைத்தே கட்டியைக் கரைக்கிறார்களாமே" என்ற செய்தியில் வந்து நிற்பவர். இருவருக்கும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

பல வருடங்களாக இந்தத் துகள்களைத் தயாரித்து, பூச்சு பூசி, அளந்துகொண்டிருப்பவன் நான். அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் இரும்பு ஆக்சைடு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றுதான். அது ஊசி மருந்தாகுமா, ஸ்கேனுக்கு உதவுமா, பரிசோதனைக் குழாயோடு நின்றுவிடுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது அதன் மேலிருக்கும் பாலிமர் போர்வை.

காந்த நானோ துகள் என்றால் என்ன?

சின்ன வயதில் மணலில் காந்தத்தை இழுத்துக்கொண்டு போனால் கறுப்பாக ஒரு பொடி ஒட்டிக்கொண்டு வருமே, அதில் இருக்கும் மேக்னடைட் என்ற இரும்பு ஆக்சைடுதான் இதிலும் இருக்கிறது. அதுவே 5 முதல் 20 நானோமீட்டர் அளவில் இருந்தால் மருத்துவத்துக்குப் பயன்படும் நானோ துகள். தலைமுடி ஒன்றின் தடிமன் சுமார் 80,000 நானோமீட்டர். 10 நானோமீட்டர் துகள்களை அதன் குறுக்கே வரிசையாக அடுக்கினால் எட்டாயிரம் அடங்கும். பெரிய மேக்னடைட் கல்லை அரைத்து இவ்வளவு சிறிதாக்குவது கிடையாது. இரும்பு உப்புகளின் கரைசலிலிருந்து நேராகவே பிறக்க வைக்கிறோம்.

அப்படியானால் இதுவும் குட்டிக் காந்தம்தானே? ரத்தத்துக்குள் ஒன்றோடொன்று ஒட்டி அடைத்துக்கொள்ளாதா?

நல்ல கேள்வி, முதலில் பயப்பட வேண்டியதும் இதற்குத்தான். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டும் காந்தத்துக்குத் தன் திசை எப்போதும் ஞாபகம் இருக்கும். மேக்னடைட்டை ஏறத்தாழ 20 நானோமீட்டருக்குக் கீழே கொண்டுபோனால் அந்த ஞாபகம் போய்விடுகிறது. துகள் அவ்வளவு சிறிதாகும்போது, அறை வெப்பமே அதன் காந்தத் திசையைக் கணத்துக்குக் கணம் புரட்டிப் போடப் போதுமானதாக இருக்கிறது. இங்கே ஒரு கணம், அங்கே ஒரு கணம் என்று புரளும் திசைகளின் சராசரி பூஜ்யம். வெளியிலிருந்து ஒரு காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தால் எல்லாத் துகள்களும் அதன் பக்கம் திரும்பும். காந்தத்தை எடுத்தால் மறுபடியும் பழைய குழப்பம். இதற்கு சூப்பர்பாராமேக்னடிசம் என்று பெயர்.

மருத்துவத்தில் இந்தத் துகள்கள் நுழைய முடிந்ததே இந்த ஒரு குணத்தால்தான். காந்தம் பக்கத்தில் இல்லாதபோது காந்தத்தால் ஒட்டிக்கொள்ள மாட்டா. ஆனால் ஒட்டிக்கொள்வதற்கு வேறு காரணங்களும் உண்டு. போர்வையின் கதை அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எதற்குப் பாலிமர் பூச்சு? வெறும் துகளையே பயன்படுத்தினால் என்ன?

ஆய்வகத்தில் ஒருமுறை கண்ணால் பார்த்தால் இந்தக் கேள்வி வராது. இரண்டு பங்கு ஃபெரிக் குளோரைடு, ஒரு பங்கு ஃபெரஸ் குளோரைடு, காற்று நீக்கிய தண்ணீர். பீக்கரில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த தெளிந்த கரைசல். கலக்கிக்கொண்டே அமோனியாவை விடுகிறோம். மூக்கைத் துளைக்கும் நெடி ஏறும்போதே, அமோனியா விழுந்த இடத்திலிருந்து மை கொட்டினதுபோல் பீக்கர் முழுக்கக் கறுத்துவிடும். பீக்கரின் வெளிப்பக்கம் ஒரு காந்தத்தை வைத்தால் கறுப்பெல்லாம் அந்தச் சுவரில் வந்து அப்பிக்கொள்ளும், தண்ணீர் தெளிந்துவிடும். முதன்முதலாகப் பார்க்கும் மாணவர்கள் எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும்.

ஆனால் அந்த அழகான காட்சியே கெட்ட செய்தி. கைக்காந்தத்துக்கு அவ்வளவு சுலபமாக இழுபடுகிறது என்றால், துகள்கள் தனித்தனியாக இல்லை, ஆயிரக்கணக்கில் கட்டிப்பிடித்துக்கொண்டு திரள்களாக இருக்கின்றன என்று அர்த்தம். நானோ அளவில் எல்லாமே மேற்பரப்புதான். அந்தப் பசித்த மேற்பரப்பு பக்கத்தில் எது கிடைத்தாலும் பற்றிக்கொள்ளும். போதாததற்கு, காற்றுப் பட்டால் மேக்னடைட் மெல்ல மெல்லப் பழுப்பேறி மேக்ஹமைட் என்ற இன்னொரு ஆக்சைடாக மாறும். ரத்தத்தில் உப்பு இருக்கிறது. வெறும் தண்ணீரில் மின்சுமையின் விலக்கத்தால் ஓரளவு பிரிந்து நிற்கும் துகளும் உப்பைக் கண்டதும் திரண்டுவிடும்.

இப்போது அதே வேலையை டெக்ஸ்ட்ரான் கரைத்த தண்ணீரில், அளவும் வெப்பமும் பார்த்துப் பக்குவமாகச் செய்தால் கடைசியில் கிடைப்பது ஃபில்டர் காபி டிக்காஷன் மாதிரி ஒரு செம்பழுப்புத் திரவம். வண்டல் இல்லை. காந்தத்தை வைத்தாலும் கண்ணுக்குத் தெரிய ஒன்றும் நகர்வதில்லை. ஒவ்வொரு துகளின் மேலும் பாலிமர் இழைகள் தண்ணீரில் ஊறி விரிந்து நிற்கின்றன. இரண்டு துகள்கள் நெருங்கினால் இழைகள் ஒன்றையொன்று நெருக்கும், அந்த நெருக்கடியே இரண்டையும் தள்ளிவிடும். இதற்கு மின்சுமை தேவையில்லை, அதனால் உப்பும் இதை ஒன்றும் செய்ய முடியாது.

நல்ல போர்வை போர்த்திய துகளைக் கைக்காந்தம் பிடிக்காது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் "மருந்தைக் காந்தத்தால் இழுத்துக்கொண்டு போகலாமா" என்ற கேள்வி வரும்போது தேவைப்படும்.

என்னென்ன பாலிமர்கள்?

மனித உடம்புக்குள் போய் வந்தவற்றில் முதலிடம் டெக்ஸ்ட்ரானுக்கும் அதன் உறவினர்களான கார்பாக்ஸிடெக்ஸ்ட்ரான் முதலியவற்றுக்கும்தான். டெக்ஸ்ட்ரான் என்பது குளுக்கோஸ் கோத்த நீண்ட சங்கிலி. சர்க்கரையைத் தின்னும் லூக்கோநாஸ்டாக் என்ற பாக்டீரியா இதைச் செய்கிறது. சர்க்கரை ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இது பழகிய தொல்லை. வெட்டிய கரும்பை உடனே அரைக்காமல் நாள் கடத்தினால் சாறு கொழகொழவென்று ஆகிவிடுமே, அதற்குக் காரணம் இதுதான். அதையே சுத்தம் செய்து, ரத்தம் இழந்தவர்களுக்கு ரத்தக் கொள்ளளவைத் தாங்கும் திரவமாக 1940-களிலிருந்தே ஏற்றிவந்தார்கள். உடம்பு இதைத் தாங்கும் என்பது டாக்டர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததால், இரும்புத் துகளுக்குப் போர்வை தேடியபோது முதலில் கைக்கு வந்தது இதுவே.

அடுத்தது பாலிஎத்திலீன் கிளைகோல், சுருக்கமாகப் பெக். தண்ணீரை மிகவும் விரும்பும் இழை, புரதங்கள் சுலபத்தில் ஒட்டாது. ஆய்வுக் கட்டுரைகளில் அதிகம் வருவது இதுதான். இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் கைட்டோசான், ஸ்டார்ச், பாலிவினைல் ஆல்கஹால், பாலிஅக்ரிலிக் அமிலம் என்று பட்டியல் நீளும். உடம்புக்கு வெளியே பயன்படுத்தும் மணிகளில் பாலிஸ்டைரீன் முக்கியமானது.

ஊசியில் போட்டால் அந்தத் துகள் எங்கே போகும்?

ரத்தத்தில் கலந்த சில நொடிகளிலேயே பிளாஸ்மாப் புரதங்கள் துகளின் மேல் வந்து உட்காரும். உடம்பு அதன் பிறகு பார்ப்பது இரும்பை அல்ல, போர்வையையும் அதன் மேல் உட்கார்ந்த புரதங்களையும்தான். "இது அந்நியம், விழுங்கு" என்று அடையாளம் போடும் புரதங்கள் நிறைய ஒட்டினால், கல்லீரலில் காத்திருக்கும் குப்ஃபர் செல்கள் துகளை நிமிடக் கணக்கில் விழுங்கிவிடும். மண்ணீரலுக்கும் ஒரு பங்கு போகும்.

ஒரே டெக்ஸ்ட்ரானே எப்படி வேறு வேறு விதியைத் தருகிறது என்று பாருங்கள். ஃபெருமாக்சைட்ஸ் என்ற ஸ்கேன் மருந்தில் பல இரும்புக் கருக்கள் சேர்ந்து, போர்வையோடு மொத்த அளவு 100 நானோமீட்டரைத் தாண்டும். அது நேராகக் கல்லீரலுக்குப் போய்விடும். ஃபெருமாக்ஸ்ட்ரான் என்பதில் அடர்த்தியான டெக்ஸ்ட்ரான் போர்வையோடு மொத்தம் 20 முதல் 40 நானோமீட்டர்தான். அது ஒரு நாளுக்கும் மேலாக ரத்தத்தில் சுற்றி, மெல்லக் கசிந்து நிணநீர்க் கணுக்கள் வரை போகும். உள்ளே இரும்பு ஒன்றே, பயணம் வேறு.

உடம்பில் இரும்பு சேர்ந்து கெடுதல் ஆகாதா?

வளர்ந்த மனித உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு இருக்கிறது. வயதான சிவப்பணுக்களை உடைத்து, தினமும் 20 மில்லிகிராமுக்கு மேல் இரும்பை உடம்பே மறுசுழற்சி செய்கிறது. கல்லீரல் ஸ்கேனுக்குப் போட்ட ஃபெருமாக்சைட்ஸின் அளவு ஒரு கிலோ எடைக்கு 0.56 மி.கி., அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 34 மி.கி. போல. விழுங்கிய செல்லுக்குள் அமிலத்தில் துகள் மெல்லக் கரைந்து, இரும்பு ஃபெரிட்டின் என்ற புரதத்தில் சேமிக்கப்பட்டு, பிறகு புதிய சிவப்பணுக்களுக்கே போய்ச் சேரும். தங்கத் துகளுக்கோ, குவாண்டம் புள்ளி என்ற ஒளிரும் நானோ துகளுக்கோ இந்த வழி கிடையாது. நான் இரும்பை விட்டு நகராததற்கு இதுதான் காரணம்.

ஆனால் அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ளும் தலசீமியா நோயாளிகள், பிறவியிலேயே இரும்பு சேரும் நோய் உள்ளவர்கள் விஷயம் வேறு. அவர்கள் உடம்பில் ஏற்கெனவே இரும்பு மிகுதி. எந்த இரும்பு ஊசி என்றாலும் முதலிலேயே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் ஆராய்ச்சிதானே? நடைமுறையில் எங்காவது பயன்படுகிறதா?

போன மாதம் நீங்கள் தைராய்டு டெஸ்ட் எடுத்திருந்தால், பெரும்பாலும் உங்கள் ரத்தமே காந்த மணிகளோடு கலந்துதான் ரிசல்ட் வந்திருக்கும்.

இன்றைய பெரும்பாலான ஹார்மோன் பரிசோதனை இயந்திரங்களுக்குள் நடப்பது இதுதான். ஒரு குட்டிக் கிண்ணத்தில் உங்கள் சீரம் ஒரு சொட்டு. அதோடு காந்த மணிகள் கலக்கப்படும். இவை நானோ அல்ல, மைக்ரான் அளவுள்ள பாலிமர் மணிகள். அவற்றுக்குள்ளே நானோ இரும்பு ஆக்சைடு பொதிந்திருக்கும். மணியின் மேல், தைராய்டைத் தூண்டும் டி.எஸ்.ஹெச். ஹார்மோனைப் பிடிக்கும் ஆன்டிபாடி என்ற புரதம். ஹார்மோன் ஒட்டியதும், ஒளி தரக்கூடிய லேபிளோடு இன்னொரு ஆன்டிபாடி அதன் மேல் ஒட்டும். இயந்திரம் கிண்ணத்தின் பக்கவாட்டில் காந்தத்தைக் கொண்டுவரும். மணிகள் சுவரில் ஒதுங்கும், மற்ற திரவத்தை உறிஞ்சிவிட்டுக் கழுவும். காந்தத்தை விலக்கினால் மணிகள் மறுபடியும் கலையும். இப்படி இரண்டு மூன்று முறை. கடைசியில் மிஞ்சுவது எவ்வளவு ஒளி தருகிறது என்று அளந்தால், அதுதான் ரிப்போர்ட்டில் வரும் எண். காந்தத்தை எடுத்ததும் மணிகள் கலைய வேண்டும், அதற்குத்தான் அந்த ஞாபகமறதி.

இங்கேயும் போர்வை தன் வேலையைக் காட்டும். பல இயந்திரங்களில் மணியின் மேல் ஸ்ட்ரெப்டாவிடின் என்ற புரதம் இருக்கும். அது பயோட்டின் என்ற வைட்டமினை விடாப்பிடியாகப் பிடிக்கும் என்பதால், ஆன்டிபாடியில் பயோட்டின் கொக்கி போட்டு மணியோடு இணைப்பார்கள். முடி வளர என்று அதிக அளவு பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களின் ரத்தத்தில் உள்ள பயோட்டின், அந்த இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடும். டி.எஸ்.ஹெச். பொய்யாகக் குறைவாகக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-ல் இதைப் பற்றி எச்சரித்தது. நீங்கள் பயோட்டின் சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் எடுக்கும் முன்பே பரிசோதனைக்கூடத்தில் சொல்லுங்கள், தயவுசெய்து.

ஒரே அளவில் பாலிமர் மணிகள் செய்யும் கலையைக் கொண்டுவந்தவர் நார்வேயின் ட்ரொன்ஹைம் நகரில் வேலை செய்த ஜான் உகெல்ஸ்டாட். 1970-களில் அவர் சீரான பாலிஸ்டைரீன் மணிகளைச் செய்தார், பின்னர் அவற்றுக்குள் இரும்பு ஆக்சைடும் ஏறியது. அளவு சீராக இருந்தால்தான் எல்லா மணியும் ஒரே வேகத்தில் காந்தத்திடம் வரும்.

கொரோனா காலத்தில் மூக்குச் சளி மாதிரியிலிருந்து வைரஸின் ஆர்.என்.ஏ.வைப் பிரிக்கவும் காந்த மணிகளைத்தான் நம்பினோம். 2020-ல் திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவான "சித்ரா மேக்னா" கிட் இந்த வகைதான். ரத்தப் புற்றுக்கான கார்-டி சிகிச்சையில், அதாவது நோயாளியின் டி செல்கள் என்ற வெள்ளையணுக்களை மாற்றியமைத்துப் புற்றைத் தாக்க வைக்கும் முறையில், அவற்றை ரத்தத்திலிருந்து பொறுக்கி எடுக்க, 50 நானோமீட்டர் அளவில் டெக்ஸ்ட்ரான் போர்த்திய மணிகள் பயன்படுகின்றன. அவ்வளவு சிறிய மணியைச் சாதாரணக் காந்தம் பிடிக்காது. எனவே காந்தமாகக்கூடிய பொருள் நிரப்பிய குழாயைப் பெரிய காந்தத்துக்கு நடுவே வைத்து, அதன் வழியே செல்களை ஓட விடுகிறார்கள்.

செய்திகளில் இவை வருவதில்லை. ஆனால் இந்தத் துறை மனிதர்களுக்கு இதுவரை செய்த நன்மையில் பெரும்பங்கு இங்கேதான் என்பது என் கருத்து.

ரத்தசோகை ஊசிக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

உண்டு. நம் ஊர் அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளுக்கு டிரிப்பில் ஏற்றும் அயர்ன் சுக்ரோஸைப் பார்த்திருப்பீர்கள், பாட்டிலே காபி நிறத்தில் இருக்கும். அதுவும் இரும்பு ஹைட்ராக்சைடு நானோ துகள், மேலே சர்க்கரைப் போர்வை. காந்த குணம் மட்டும் சொல்லும்படி இல்லை. அதன் காந்த உறவினர்தான் ஃபெருமாக்ஸிடால். மேக்னடைட் கருவின் மேல் மாற்றியமைத்த டெக்ஸ்ட்ரான் போர்வை. 2009-ல் அமெரிக்காவில் சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு அனுமதி பெற்றது. ஒரு ஊசிக்கு 510 மி.கி. இரும்பு, சில நாள் கழித்து இன்னொன்று. போர்வை இறுக்கமாக இருப்பதால் இரும்பு ரத்தத்தில் சட்டென்று உதிராது. அதனால்தான் ஒரே தடவையில் இவ்வளவு கொடுக்க முடிகிறது.

எம்ஆர்ஐ ஸ்கேனில் இதன் வேலை என்ன?

எம்ஆர்ஐ நம் உடம்பின் நீரில் உள்ள ஹைட்ரஜனைத்தான் படம் பிடிக்கிறது. காந்தத் துகள் போய் உட்கார்ந்த இடத்தில் சுற்றியுள்ள காந்தப்புலம் கொஞ்சம் கலையும், அங்குள்ள நீரின் சமிக்ஞை சீக்கிரம் மங்கும், படத்தில் அந்த இடம் கறுக்கும்.

நல்ல கல்லீரல் துகளை விழுங்கிக் கறுக்கும். கட்டியில் குப்ஃபர் செல்கள் இல்லாததால் அது வெளுப்பாகத் தனித்துத் தெரியும். இதற்காக ஃபெருமாக்சைட்ஸ் 1996-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்று, 2008-ல் விற்பனை நின்றது. நச்சுத்தன்மையால் அல்ல. மெதுவாக ஏற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும். அதற்குள் உடனே வெளிச்சமாகக் காட்டும், கடோலினியம் என்ற உலோகம் உள்ள ஸ்கேன் மருந்துகள் இடத்தைப் பிடித்துவிட்டன. கறுப்பைத் தேடுவதைவிட வெளிச்சத்தைத் தேடுவது ரேடியாலஜிஸ்டுக்கு எளிது.

எனக்கு இன்னும் மனசு ஆறாதது ஃபெருமாக்ஸ்ட்ரான் விஷயத்தில். 2003-ல் புரோஸ்டேட் புற்றுநோயாளிகள் 80 பேரிடம் நடந்த ஆய்வு, நிணநீர்க் கணு பெரிதாகாமலே உள்ளே ஒளிந்திருந்த புற்றைக்கூட இந்தத் துகள் காட்டிக்கொடுக்கும் என்று சொன்னது. நல்ல கணு துகளை விழுங்கிக் கறுக்கும், புற்று பரவிய பகுதி கறுக்காது, அவ்வளவு எளிய தர்க்கம். இருந்தும் ஐரோப்பிய அனுமதிக்கான விண்ணப்பம் 2007-ல் திரும்பப் பெறப்பட்டது. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழக மருத்துவமனை மட்டும் அதை விடாமல் பிடித்து உயிர்ப்பித்துவருகிறது.

சிறுநீரகம் கெட்டவர்களுக்குச் சில கடோலினியம் மருந்துகள் தோலையும் உள்ளுறுப்புகளையும் இறுக்கும் நோயைத் தரலாம் என்று 2006-ல் தெரிந்த பிறகு, ரத்தக் குழாய்களைப் படம் பிடிக்கச் சில டாக்டர்கள் ஃபெருமாக்ஸிடாலைத் தங்கள் பொறுப்பில் பயன்படுத்தத் தொடங்கினார்கள். ரத்தசோகைக்காக அதைப் போட்டுக்கொண்டவர்கள், மூன்று மாதத்துக்குள் எம்ஆர்ஐ எடுக்கப் போனால் சொல்லிவிட வேண்டும். படத்தை அது மாற்றிக் காட்டும்.

எம்ஆர்ஐ இயந்திரம் துகள்களை உடம்பிலிருந்து பிடுங்கிவிடாதா?

இல்லை. இழுக்கும் விசை காந்தப்புலத்தின் பலத்தால் மட்டும் வருவதில்லை, புலம் இடத்துக்கு இடம் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதையும் பொறுத்தது. இயந்திரத்தின் நடுவில் புலம் சீரானது. துகளோ மிகச் சிறியது. சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளின் இடிபாடே அதற்குப் பெரிய விசை.

மார்பகப் புற்றுநோய் அறுவை சிகிச்சையில் பயன்படுத்துகிறார்களாமே?

ஆமாம், இது நிஜமாகவே நோயாளிகளிடம் போய்ச் சேர்ந்த பயன். புற்று முதலில் பரவக்கூடிய நிணநீர்க் கணுவைக் கண்டுபிடித்து, அதை மட்டும் எடுத்துச் சோதிப்பது இப்போதைய வழக்கம். அந்தக் கணுவைக் காட்ட நீலச் சாயமும் டெக்னீஷியம் என்ற கதிரியக்கப் பொருளும் போடுவார்கள். டெக்னீஷியத்தின் அரையாயுள் ஆறு மணி நேரம். அணு மருத்துவப் பிரிவு பக்கத்திலேயே இருக்க வேண்டும், நேரமும் ஒத்துப்போக வேண்டும்.

அதற்குப் பதில் கார்பாக்ஸிடெக்ஸ்ட்ரான் போர்த்திய இரும்புத் துகளை மார்பில் ஊசியாகப் போட்டால், அது நிணநீர் வழியே போய்க் கணுவில் தங்கிவிடும். பல நாள் முன்பேகூடப் போடலாம். ஆபரேஷனில் கையடக்க ஆய்வுக்கோலை வைத்துத் தேடினால் கணு இருக்கும் இடத்தில் ஓசை கூடும். திறந்து பார்த்தால் கணுவே கறுப்பும் பழுப்புமாக இருக்கும். மேக்ட்ரேஸ் என்ற இந்த மருந்து 2018-ல் அமெரிக்க அனுமதி பெற்றது. ஆய்வுக்கோலைப் பயன்படுத்தும் நேரத்தில் ஸ்டீல் கருவிகளை ஒதுக்கி வைத்துவிட்டு பிளாஸ்டிக் கருவிகளை எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கோல் ஸ்டீலைத்தான் கண்டுபிடிக்கும்.

குறையும் உண்டு. ஊசி போட்ட இடத்தில் தோல் பழுப்பு நிறமாகி மாதக்கணக்கில், சிலருக்கு அதற்கு மேலும் நிற்கலாம். பின்னால் மார்பக எம்ஆர்ஐ எடுத்தால் அந்த இடம் கறுத்து மறைக்கலாம். இதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்ல வேண்டும். அணு மருத்துவப் பிரிவு இல்லாத ஊர்களுக்கு இந்த முறை வர வேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

காந்தத்தால் சூடேற்றிப் புற்றுக்கட்டியை அழிக்க முடியுமா? என் அப்பாவுக்கு இது கிடைக்குமா?

முதல் கேள்விக்கு: முடியும், ஆனால் செய்திகள் சொல்லும் அளவுக்கு அல்ல. நொடிக்கு லட்சம் முறை திசை மாறும் காந்தப்புலத்தில் துகளின் காந்தத் திசையும் கூடவே புரள முயலும், சற்றுப் பிந்தும், அந்தப் பிந்தல் வெப்பமாகும். 42 டிகிரிக்கு மேல் கட்டியின் செல்கள் தடுமாறும், கதிர்வீச்சுக்கு எளிதில் மடங்கும். இந்த யோசனை 1957-லேயே அமெரிக்காவில் கில்கிரிஸ்ட் குழுவினர் நிணநீர்க் கணுக்களில் முயன்று பார்த்தது.

மனிதர்களிடம் அதிக தூரம் போனது பெர்லினில் ஆண்ட்ரியாஸ் ஜோர்டான் தொடங்கிய முறை. அமினோசிலேன் என்ற சிலிக்கான் சேர்மம் பூசிய துகள்களை மூளைக்கட்டிக்குள் நேராக ஊசியால் செலுத்தி, 100 கிலோஹெர்ட்ஸ் புலத்தில் சூடேற்றி, கூடவே கதிர்வீச்சும் கொடுத்தார்கள். கிளையோபிளாஸ்டோமா என்ற கொடிய மூளைக்கட்டி திரும்பி வந்த 59 பேரிடம், கட்டி திரும்பியது தெரிந்த பிறகான நடு ஆயுள் (பாதிப் பேர் உயிரோடு கடந்த காலம்) 13.4 மாதங்கள் என்று 2011-ல் வெளியிட்டார்கள். அந்த நோயின் கொடுமை தெரிந்தவர்களுக்கு இது சின்ன எண் அல்ல. ஆனால் சீட்டுக் குலுக்கிப் பிரித்த ஒப்பீட்டுக் குழு அந்த ஆய்வில் இல்லை, எனவே எவ்வளவு பலன் சூட்டால் வந்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது. பல்லில் உலோக அடைப்போ உறையோ இருந்தால் முதலில் எடுத்துவிட வேண்டும், அவையும் சூடாகும். அதன் பிறகு மூளைக்கு எம்ஆர்ஐ எடுத்தால் ஒன்றும் தெரியாது, சி.டி. மட்டும்தான். ஐரோப்பாவில் 2010-ல் அனுமதி கிடைத்தும், நடத்திய நிறுவனம் 2022-ல் நொடித்துவிட்டது.

இரண்டாவது கேள்விக்கு: வழக்கமான சிகிச்சையாக இது இன்று எந்த மருத்துவமனையிலும் கிடைப்பதாக எண்ணிக் காத்திருக்காதீர்கள். உங்கள் டாக்டர் சொன்ன ஆபரேஷனையோ கீமோவையோ இதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். "நானோ காந்த சிகிச்சை" என்று யாராவது பணம் கேட்டால், எந்த மருத்துவப் பரிசோதனையில் பதிவு செய்யப்பட்டிருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். முறையான பரிசோதனையில் சேரும் நோயாளியிடம் அந்த மருந்துக்குக் காசு வாங்க மாட்டார்கள்.

மருந்தைத் துகளில் ஏற்றி, வெளியிலிருந்து காந்தத்தால் கட்டிக்கு இழுத்துப் போகலாமா?

1996-ல் பெர்லினில் 14 நோயாளிகளிடம் எபிரூபிசின் என்ற கீமோ மருந்தை இப்படிக் கொடுத்துப் பார்த்தார்கள். தோலுக்குப் பக்கத்தில் உள்ள கட்டிகளில் ஓரளவு நின்றது. ஆழத்தில் உள்ள உறுப்புகளுக்கு இது கைகொடுக்கவில்லை. காந்தத்தின் இழுவிசை சில சென்டிமீட்டரிலேயே சரிந்துவிடும், ரத்த ஓட்டமோ வேகமானது. அதோடு, முன்பு சொன்ன முரண்: ரத்தத்தில் நெடுநேரம் சுற்ற நல்ல போர்வை போர்த்திய சிறு துகள் வேண்டும், அதைக் காந்தம் பிடிக்காது. காந்தம் பிடிக்கும் பெரிய துகளைக் கல்லீரல் பிடித்துவிடும்.

ஆபத்து என்ன?

ஒவ்வாமைதான் முதன்மையானது. ஃபெருமாக்ஸிடால் முதலில் 17 நொடியில் விறுவிறுவென்று ஏற்றும் ஊசியாக வந்தது, அதுவே அதன் கவர்ச்சியாகவும் இருந்தது. உயிரிழப்பு உள்ளிட்ட கடுமையான ஒவ்வாமைகள் பதிவாகவே, 2015-ல் மிகக் கடுமையான எச்சரிக்கை சேர்க்கப்பட்டது. இப்போது நீர்க்கச் செய்து குறைந்தது 15 நிமிடம் ஏற்ற வேண்டும், முடிந்த பிறகும் 30 நிமிடம் பக்கத்தில் இருந்து கவனிக்க வேண்டும். இங்கும் சந்தேகத்துக்கு உரியது போர்வையே. சிலர் உடம்பில் டெக்ஸ்ட்ரானுக்கு எதிரான ஆன்டிபாடிகள் ஏற்கெனவே இருக்கின்றன. க்ரீம், மருந்து என்று எங்கும் இருப்பதால் பெக்குக்கும் அதே கதை உண்டு.

கொரோனா ஊசி போட்ட இடத்தில் நாணயம் ஒட்டியது என்றார்களே?

ஊசியில் காந்தத் துகள் எதுவும் இல்லை. வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உள்ள தோலில் நாணயமும் ஒட்டும், ஸ்பூனும் ஒட்டும். பவுடர் போட்டுத் துடைத்துவிட்டுப் பாருங்கள், விழுந்துவிடும்.

நான் ப்ராஜெக்ட் மாணவன். என் துகளில் பூச்சு ஏறியிருக்கிறதா என்று எப்படி உறுதி செய்வது?

எலெக்ட்ரான் நுண்ணோக்கிப் படத்தை மட்டும் காட்டாதீர்கள். அதில் தெரிவது இரும்புக் கரு, பாலிமர் அநேகமாகத் தெரியாது. ஒளிச் சிதறல் முறையில் மொத்த அளவைப் பாருங்கள். கருவைவிட அது எவ்வளவு பெரிது என்பதில்தான் போர்வையும், திரண்டிருந்தால் அந்த உண்மையும் வெளிவரும். சூடேற்றி எடைக் குறைவை அளந்தால் பாலிமரின் பங்கு தெரியும். ஆனால் ஒட்டாமல் மிதக்கும் பாலிமரை நன்றாகக் கழுவி எடுத்த பிறகு அளக்க வேண்டும். இல்லாவிட்டால் எண் அழகாக வரும், அர்த்தம் இருக்காது.

அப்புறம், வெறும் தண்ணீரில் ஒரு வாரம் நின்றது என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். மூன்று குழாய் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் தண்ணீர், ஒன்றில் உப்புள்ள பாஸ்பேட் கரைசல், ஒன்றில் சீரம் கலந்த கரைசல். மூன்றிலும் ஒரே அளவு துகளை விட்டு, 37 டிகிரியில் ராத்திரி முழுக்க வையுங்கள். காலையில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். தண்ணீர்க் குழாய் எப்போதும் டிக்காஷன் மாதிரித்தான் இருக்கும். மற்ற இரண்டின் அடியில் பழுப்பாக ஒரு கோடு படிந்திருக்கிறதா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.